பதின்பருவத்தின் கதைகளைத் தமிழில் பதிப்பியுங்கள்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை. பள்ளி நூலகத்தின் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் எந்தப் புத்தகத்தை ஆவலோடு எடுத்துச் செல்கிறார்கள், எதை நான்கு பக்கம் புரட்டிவிட்டு அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடுகிறார்கள் என்பதை அன்றாடம் பார்க்கிறவள் என்ற முறையில் உங்களிடம் ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன். தம் உடல் மாறுவதை உணர்ந்து, முதன்முதலாக ஒருவர் மீது ஈர்ப்பு எழுவதைக் கண்டு திகைத்து, அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நிற்கும் பதின்பருவத்தினரைப் பற்றிய நாவல்களையும் சிறுகதைகளையும், அந்த வயதினரே வாசிப்பதற்காக, தமிழில் வெளியிடுங்கள். பெரியவர்கள் தம் இளமையை நினைத்து ஏங்குவதற்காக எழுதும் கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. அவை வேறு வகை. நான் கேட்பது பிள்ளைகளின் கண்மட்டத்தில் நின்று எழுதப்படும் புனைவை.

சென்னைப் புத்தகக் காட்சி 1977ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. இன்று மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. சிறார் நூல்களுக்கெனத் தனி அரங்குகள் வந்துவிட்டன, படங்களும் அச்சும் மிக அழகாக இருக்கின்றன, நல்ல எழுத்தாளர்கள் பலர் அத்துறைக்கு வந்திருக்கிறார்கள் என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன். ஆனால் அந்த அரங்குகளில் உள்ள பெரும்பாலான நூல்கள் பன்னிரண்டு வயதோடு நின்றுவிடுகின்றன. அதற்குமேல் வளர்ந்த பிள்ளைக்கு நாம் நீட்டுவது வரலாற்று நாவல், தன்னம்பிக்கை நூல், போட்டித் தேர்வுக் கையேடு ஆகிய மூன்றும்தான். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா காலத்திலிருந்தே நமது பழக்கம் இதுதான்: சிறுவர் இதழை விட்டு வெளியே வந்த பிள்ளை நேராகப் பெரியவர்களின் வார இதழுக்குள் நுழைய வேண்டியிருந்தது. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளாகப் பிரித்து, குழந்தைகள் படிப்படியாக வாசிப்பில் முன்னேற வழிசெய்திருக்கிறது. இவ்வாறு வாசிப்பைக் கற்றுத் தேர்ந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் எதை வாசிக்கும் என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

நாம் தராவிட்டால் அவர்கள் வாசிக்காமல் இருக்கப்போவதில்லை. மாணவியர் பலர் கைப்பேசிச் செயலிகளில் தொடர்கதைகளை வாசிக்கிறார்கள். அவற்றில் ஒரு பெரும் பகுதி, பெண்ணை மிரட்டிக் கட்டாயத் திருமணம் செய்துகொள்ளும் முரட்டுக் கதாநாயகன் கடைசியில் அவள் அன்பால் திருந்துவதாக முடிகின்ற கதைகள். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணைத் தெருத்தெருவாகப் பின்தொடர்வதைக் காதல் என்று நம் திரைப்படங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கின்றன. மாணவர்களின் நிலை இன்னும் துயரமானது. பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் துண்டறிக்கை, குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட லாட்ஜில் வைத்தியர் தங்கியிருப்பார் என்னும் விளம்பரம், இளமையில் செய்த தவறால் நரம்புத் தளர்ச்சி வரும் என்று நள்ளிரவுத் தொலைக்காட்சியில் எழும் எச்சரிக்கை ஆகியவைதான் ஆண்பிள்ளைகள் பலருக்குத் தம் உடலைப் பற்றிக் கிடைத்த முதல் பாடம். இந்த அச்சம் எவ்வளவு பரவலானது என்றால், அதற்கு 1960இல் மனநல மருத்துவர் என்.என். விக் தாது நோய்க்குறி என்று தனிப் பெயரே சூட்ட வேண்டியிருந்தது. உடலின் இயல்பான மாற்றத்தை நோய் என்று நம்பி ஒரு சிறுவன் ஆண்டுக்கணக்கில் தனியே அஞ்சிக் கிடப்பதை ஒரே ஒரு நல்ல சிறுகதை நிறுத்திவிடக்கூடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏனெனில் பாடப்புத்தகத்தின் இனப்பெருக்க மண்டலப் படம் உறுப்புகளின் பெயரைத்தான் சொல்லும். அந்தச் சிறுவனின் வெட்கத்தையும் பயத்தையும் கதையால்தான் தொட முடியும்.

பெண்பிள்ளைகளின் உடல் மாற்றத்தை நாம் மறைப்பதில்லை, ஊர் முழுவதற்கும் அறிவிக்கிறோம். மண்டபம் பிடித்து, பிளக்ஸ் வைத்து, ஒலிபெருக்கி கட்டி, தாய்மாமன் சீர் வரிசையோடு வந்திறங்க, மொய் எழுதி விழா எடுக்கிறோம். அந்த மேடையில் பட்டுச்சேலையின் கனத்தில் உட்கார்ந்திருக்கும் பதின்மூன்று வயதுச் சிறுமியிடம் அவளுக்கு என்ன நேர்ந்திருக்கிறது, இனி என்னென்ன நேரும், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று எத்தனை பேர் சொல்லியிருப்போம்? விழா முடிந்ததும் அவளுக்குக் கிடைப்பவை கட்டுப்பாடுகளின் பட்டியலும், யாரோடும் பேசாதே என்ற எச்சரிக்கையும்தான். ஊரே அறிந்த செய்தியைப் பற்றி அவள் மட்டும் வாய் திறக்கக் கூடாது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றின்படி தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 12.8 விழுக்காட்டினருக்குப் பதினெட்டு வயதுக்கு முன்பே திருமணம் முடிந்திருந்தது. மகள் யாரையேனும் விரும்பிவிடுவாளோ என்ற பெற்றோரின் அச்சம் இத்திருமணங்களுக்கு ஒரு முக்கியக் காரணம் என்பது பள்ளியில் வேலை செய்யும் எவருக்கும் தெரியும். பதினோராம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் நடு ஆண்டில் நின்றுபோகும் பெயர்கள் அதைச் சொல்லும்.

இது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாத எழுத்து என்று உங்களிடம் சொல்வார்கள். அதற்கு நான் தமிழாசிரியை என்ற முறையிலேயே பதில் சொல்கிறேன். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழை அறிவிப்பதற்காகக் கபிலர் பாடியதாகச் சொல்லப்படும் குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளும் எதைப் பற்றியவை? ஓர் இளம்பெண் மெலிந்துபோகிறாள், கைவளை நெகிழ்கிறது. என்ன நோயென்று புரியாமல் செவிலித்தாய் அறிந்தவர்களையெல்லாம் கேட்கிறாள், பல தெய்வங்களுக்குப் பூத்தூவி வழிபடுகிறாள். அப்போது தோழி அந்தச் செவிலித்தாயின் முன் நின்று, தினைப்புனம் காக்கப் போன இடத்தில் நடந்தது அனைத்தையும் ஒளிக்காமல் எடுத்துச் சொல்கிறாள். பகைகொண்ட இரு பெருவேந்தர்களுக்கு இடையே சமாதானம் செய்ய நிற்கும் சான்றோரைப் போல, ஒருபுறம் உன்னிடம் சொல்ல அஞ்சினேன், மறுபுறம் இவள் படும் துன்பத்தைக் காணவும் அஞ்சினேன் என்று அந்தத் தோழி சொல்லும் இடத்தை வகுப்பில் விளக்கும்போது ஏற்படும் அமைதியை நீங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். முன்வரிசை முதல் கடைசி வரிசை வரை எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தத் தோழியின் இக்கட்டில் அவர்களில் பலர் இன்று இருக்கிறார்கள்.

நற்றிணையில் ஒரு பாடல் இதைவிடத் துணிச்சலானது. மகளின் வாட்டத்துக்கு முருகன் அணங்கியதே காரணம் என்று கருதித் தாய், முருகனின் பூசாரியான வேலனை அழைத்து, வெறியாட்டு என்னும் சாமியாட்டத்தை நடத்துகிறாள். தோழியோ முருகனையே விளித்து, இந்த நோய் உன்னால் வந்ததல்ல என்று தெரிந்தும் வேலன் அழைத்தான் என்பதற்காக இந்தக் களத்துக்கு வந்தாயே, நீ கடவுளே ஆனாலும் அறிவில்லாதவன்தான் என்று சொல்கிறாள். பிள்ளையின் மனத்தைக் கேட்டறியாமல் பரிகாரம் தேடும் குடும்பத்தை இதைவிடக் கூர்மையாக எந்தக் காலத்து எழுத்தாளர் எழுதிவிட முடியும்? அன்றைய சமூகத்தின் மண வயதையோ உடன்போக்கையோ இன்றைய பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சட்டமும் அறிவியலும் நமக்குத் தந்திருக்கும் பாதுகாப்பை நான் மதிக்கிறேன். இளையோரின் விருப்பத்தைப் பேசுவதற்குத் தோழி என்ற ஒரு குரலையே படைத்து, அவள் தாயிடம் உண்மையைச் சொல்வதற்கு அறத்தொடு நிற்றல் என்று ஒரு துறையையே வகுத்த மரபு நம்முடையது. அப்படிப்பட்ட மரபில் வந்த நாம், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பள்ளிப் பாடத்தில் சேர்க்கச் சொல்லி 2016இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டபோது, காமத்துப்பாலின் 25 அதிகாரங்கள் வெளியே நிறுத்தப்பட்டதைப் பெரிதாக எண்ணவே இல்லை.

நாட்டளவிலும் இதே தயக்கம்தான். மைய அரசு கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007இல் மகாராட்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட பல மாநிலங்கள் தடுத்தன. அதே 2007இல்தான் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகச் சொல்லியிருந்தார்கள். தனக்கு நேர்ந்ததைச் சொல்லச் சொற்களே கற்றுத்தரப்படாத பிள்ளை யாரிடம் போய் முறையிடும்? விருப்பத்தைப் பற்றி ஒரு கதையிலாவது வாசித்த பிள்ளைக்குத்தான் விருப்பமின்மையையும் அடையாளம் காணத் தெரியும். நல்ல தொடுதலையும் கெட்ட தொடுதலையும் எட்டு வயதுக் குழந்தைக்குச் சொல்லித்தரும் படக்கதைகள் இப்போது வந்துவிட்டன. பதினைந்து வயதுப் பெண்ணிடம், உன்னை நேசிப்பதாகச் சொல்கிறவன் உன் படத்தை அனுப்பச் சொல்லி வற்புறுத்தினால் அது நேசமல்ல என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதை அறிவுரையாகச் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். அந்த வற்புறுத்தலுக்கு முன் தடுமாறும் இன்னொரு பதினைந்து வயதுப் பெண்ணின் மனத்துக்குள் அவளை அழைத்துச் சென்றால் கேட்பாள்.

அமெரிக்க எழுத்தாளர் ஜூடி ப்ளூம் 1975இல் வெளியிட்ட பதின்பருவக் காதல் நாவலைத் தம் மகள் கேட்டதால் எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சிறுமி வாசித்த கதைகளில் காதலித்த பெண்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் தண்டிக்கப்பட்டார்கள். யாரும் சாகாத ஒரு கதை வேண்டும் என்பதே அவள் கேட்டது. நம் கதைகளை எண்ணிப் பாருங்கள். பள்ளிப் பருவத்தில் ஒருவனை விரும்பிய பெண் நம் புனைவுகளில் ஏமாற்றப்படுகிறாள், தூக்கில் தொங்குகிறாள், மனநிலை பிறழ்கிறாள், அல்லது இரண்டாம் பாதியில் அவனுக்கே மனைவியாகிறாள். விரும்பினாள், சில மாதம் தூக்கமின்றித் தவித்தாள், அவன் வேறு ஊருக்குப் போனான், அழுதாள், பிறகு தேர்வெழுதினாள், வளர்ந்தாள் என்று முடியும் கதையை எங்கே காண்கிறோம்? ஆனால் பெரும்பாலான மனிதர்களின் முதல் ஈர்ப்பு இப்படித்தான் கடந்துபோகிறது. அது வாழ்வின் முடிவு ஆகிவிடாது என்பதை அறிந்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய பிள்ளைகள் இருந்தார்கள். ஆசிரியராக இருப்பவர்கள் இதை மறக்க முடியாது.

தன்பாலின ஈர்ப்பு உடைய பிள்ளைகளும், பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு ஒன்ற முடியாத பிள்ளைகளும் எல்லா வகுப்பறைகளிலும் இருக்கிறார்கள். திருநங்கையர் நல வாரியத்தை 2008இலேயே அமைத்த மாநிலம் நமது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு மனமொத்த வயதுவந்தோருக்குப் பொருந்தாது என்று உச்சநீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. இரு இளம்பெண்கள் பாதுகாப்புக் கோரித் தொடுத்த வழக்கில் 2021இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தாமே உளவியல் ஆலோசகரோடு அமர்ந்து இப்பொருளைப் புரிந்துகொண்ட பின்பு, பாலின ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைகளைத் தடைசெய்யும்படி ஆணையிட்டார். பள்ளிகளிலும் விழிப்புணர்வு வேண்டும் என்றார். ஒரு நீதிபதி கற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார் என்பதே எனக்கு அந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்த பகுதி. இன்று திருநங்கையர் தம் வரலாற்றைத் தாமே எழுதிய நூல்கள் தமிழில் இருப்பது பெருமைக்குரியது. அவை வயதுவந்தோரின் தன்வரலாறுகள். ஒன்பதாம் வகுப்பில் சீருடை அணியும்போதே மூச்சுமுட்டும் பிள்ளைக்கு, தன்னைப் போன்ற ஒரு பாத்திரம் பள்ளிக்குப் போவதையும், தோழியோடு சண்டையிடுவதையும், கணக்கில் தோற்பதையும், ஒருவராலேனும் நேசிக்கப்படுவதையும் காட்டும் நாவல் இன்னும் வேண்டும்.

அத்தகைய நூலுக்கு எதிர்ப்பு வரும் என்பதையும் நான் அறிவேன். இரண்டு பள்ளி மாணவியரின் காதலை மென்மையாகச் சொன்ன நான்சி கார்டனின் 1982ஆம் ஆண்டு நாவல் 1993இல் அமெரிக்காவின் கான்சஸ் நகரில் எரிக்கப்பட்டது. அண்டையிலுள்ள ஒலேத்தா நகரத்தின் பள்ளி நிருவாகம் அதை நூலகங்களிலிருந்து அகற்றியது. அந்நகர மாணவர்களும் பெற்றோரும் வழக்குத் தொடுத்து, 1995இல் வென்று, புத்தகத்தை அலமாரிக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களே அதற்காக நீதிமன்றம் சென்றார்கள் என்பதைக் கவனியுங்கள். பிரிட்டனில் 1988இல் இயற்றப்பட்ட 28ஆம் பிரிவு என்னும் சட்டம், உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலின ஈர்ப்பை ஊக்குவிக்கக் கூடாது என்று சொன்னதால் ஆசிரியர்கள் பலர் அப்பொருளைப் பற்றி வாய்திறக்கவே அஞ்சினார்கள். இங்கிலாந்தில் அது 2003வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் படித்த ஒரு தலைமுறை தன் வலியைப் பிற்பாடு எழுதிக்கொண்டே இருக்கிறது.

நம் நாட்டில் சட்டம் நீங்கள் அஞ்சும் அளவுக்கு இலக்கியத்துக்கு எதிரானதல்ல. வங்க எழுத்தாளர் சமரேஷ் பாசுவின் நாவல் ஆபாசமானது என்ற வழக்கில் 1985இல் உச்சநீதிமன்றம், கொச்சையானது எல்லாம் ஆபாசம் ஆகிவிடாது என்றும், நீதிபதி முதலில் எழுத்தாளரின் இடத்திலும் பின்பு வாசகரின் இடத்திலும் தம்மை வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லி அவரை விடுவித்தது. மாதொருபாகன் நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் எழுதுவதையே நிறுத்தியிருந்த பெருமாள்முருகனின் வழக்கில் 2016இல் சென்னை உயர்நீதிமன்றம், பிடிக்காத நூலை மூடி வைத்துவிடலாம் என்ற எளிய உரிமையை வாசகருக்கு நினைவூட்டி, எழுத்தாளரை மீண்டும் எழுதச் சொன்னது. அதே வேளையில், பதினெட்டு வயதுக்குட்பட்டோரை ஆபாசமாகச் சித்திரிப்பதை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் குற்றமாக்கியிருக்கின்றன. அது மிகச் சரியான விலக்கு. இந்த எல்லையைக் குறித்து என் நிலைப்பாட்டை ஐயமின்றிச் சொல்கிறேன்: பிள்ளைகளின் உடலை வர்ணித்துக் கிளர்ச்சியூட்டுவதற்கு நான் கேட்கும் எழுத்தில் ஒரு வரிக்கும் இடமில்லை. அந்த வயதின் அனுபவத்தில் சொல்லத்தக்கவை மனத்தின் குழப்பம், ஏக்கம், வெட்கம், பொறாமை, தோழமை முறிந்து சேர்வது, வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் சொல்லக் கற்பது ஆகியவை. நல்ல எழுத்தாளர் இவற்றை எழுதிக்கொண்டிருக்கும்போது மற்றது தேவைப்படாது. மலிவான எழுத்தையும் நேர்மையான எழுத்தையும் பிரித்தறியும் பதிப்பாசிரியர் நம்மிடம் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் இம்மடலையே எழுதுகிறேன்.

சட்டத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதின்பருவத்தினரின் பரஸ்பர ஈர்ப்பு கதைக்குரிய பொருளாக இல்லாமல் காவல் நிலையத்துக்குரிய பொருளாக மட்டும் இருப்பதன் விளைவை நீதிமன்றங்கள் நாள்தோறும் காண்கின்றன. ஓடிப்போன இளையோரில் ஆண் மீது பெண்ணின் பெற்றோர் தொடுத்த போக்சோ வழக்கு ஒன்றை 2021 சனவரியில் ரத்துசெய்த சென்னை உயர்நீதிமன்றம், இத்தகைய இளம்பருவ உறவுகளைத் தண்டிப்பது அந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று விளக்கியது. அடுத்து, வளரிளம் பெண்கள் தம் உணர்ச்சியைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று 2023இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அறிவுரை கூறியபோது உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை விசாரித்தது. நீதிபதிகள் உபதேசம் செய்யக் கூடாது என்ற கண்டிப்போடு 2024இல் அந்தத் தீர்ப்பை நீக்கியது. குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் உறுதியைத் தளர்த்தாமலேயே, பதினாறு வயது மாணவனுக்குச் சட்டம் என்ன சொல்கிறது, ஒரு நட்பு எந்த இடத்தில் அவனையும் அவளையும் ஆபத்துக்குள் கொண்டுசெல்லும் என்பதை ஒரு நாவலால் காட்ட முடியும். பள்ளிச் சுவரில் ஒட்டிய, குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணைப் பற்றி அவன் முதன்முதலாகப் பொருட்படுத்தி நினைப்பது ஒரு கதையின் வழியாகவே நேரலாம்.

தமிழில் எழுதப்படும் பதின்பருவக் கதை சாதியை விட்டுவிட்டு எழுதப்படுமானால் அது பொய்யான கதையாகவே இருக்கும். வெளிநாட்டு நூல்களைப் பார்த்து இந்த வகையைக் கற்றுக்கொள்ளும் இளம் எழுத்தாளர்களுக்கு இதை நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அங்கே பிள்ளையின் முதல் ஈர்ப்புக்குத் தடை அவனது தயக்கமோ பெற்றோரின் மதமோ ஆக இருக்கலாம். இங்கே பதினான்கு வயதிலேயே மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நிறம் யார் யாரோடு பேசலாம் என்பதை முடிவுசெய்கிறது. 2015இல் வேறு சாதிப் பெண்ணோடு திருச்செங்கோட்டுக் கோயிலில் பேசிக்கொண்டிருந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். 2023இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, சாதியைக் காட்டும் கயிறுகளுக்குத் தடை உள்ளிட்ட பல பரிந்துரைகளை 2024இல் அளித்தது. எங்கள் வகுப்பறைகளில் ஒருவனுக்கு ஒருத்தி மேல் எழும் விருப்பம் அரும்பும் கணத்திலேயே அவளுடைய தெருவின் பெயர் கேட்கப்படுகிறது. அந்தக் கேள்வியை நண்பர்களே கேட்கிறார்கள். அந்தக் கணத்தை எழுதுங்கள் என்று உங்கள் எழுத்தாளர்களைக் கேளுங்கள். அதை எழுதுவதற்கு வேறெந்த மொழிக்காரரும் வர மாட்டார்.

நீங்கள் செய்யக்கூடியவை என்று நான் கருதுபவற்றைச் சொல்கிறேன். உங்களில் பலர் பொது நூலகங்களுக்கு நூல் வாங்கும் அரசின் நூலக ஆணையை நம்பித்தான் தொழில் நடத்துகிறீர்கள் என்பதும், ஒரு நூல் சர்ச்சைக்குள்ளானால் மற்ற நூல்களும் தேர்வில் விடுபட்டுவிடுமோ என்ற கவலை இருப்பதும் எனக்குத் தெரியும். தனித்தனியே அஞ்சுவதைவிட, சில பதிப்பகங்கள் ஒன்றுகூடி இவ்வகை நூல்களுக்கு ஒரு பொது வரையறையை எழுதி, பொது நூலக இயக்ககத்திடம் முறைப்படி கொடுத்து, பதினான்கு வயதுக்கு மேற்பட்டோருக்கான நூல்கள் என்று தனிப்பிரிவு கேட்கலாம். பின்னட்டையில் வயதையும், கதையில் வரும் பொருளையும் ஓரிரு வரியில் அச்சிடலாம்; பெற்றோரும் நூலகரும் ஏமாற்றப்பட்டதாக எண்ண மாட்டார்கள். முதல் பதிப்பைச் சில நூறு படிகளாக அச்சிட்டு, தேவைக்கேற்பப் பெருக்கும் வசதி இப்போது இருப்பதால் முதலீட்டின் சுமையும் குறைவு. 2023இல் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியில் மொழிபெயர்ப்பு உரிமை ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின்றன. அந்த மேசைகளில் அமரும்போது இந்த வகைக்கும் ஓர் இடம் கொடுங்கள். மலையாளத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் மராத்தியிலிருந்தும் வரும் நூல்கள் நம் பிள்ளைகளுக்கு ஆங்கில நாவல்களைவிட நெருக்கமானவையாக இருக்கும்.

ஆனால் மொழிபெயர்ப்பால் இந்தக் குறை தீராது. நாமக்கல்லின் விடுதிப் பள்ளியில் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து படிக்கும் பையனும், திருப்பூரில் தாய் தந்தை இருவரும் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும், இராமேசுவரத்துக் கடற்கரையில் படகு வரும் நேரம் பார்த்துப் பள்ளிக்கு வரும் பிள்ளையும் விருப்பம் கொள்வது வேறுவேறு விதமாக. டவுன் பஸ்ஸின் நெரிசல், டியூஷன் முடிந்து திரும்பும் இருட்டு, கோயில் திருவிழாவின் ராட்டினம், அக்காளின் கைப்பேசியைத் திருட்டுத்தனமாக எடுத்துப் பார்க்கும் நள்ளிரவு என அவர்களின் தனிமைக்கும் சந்திப்புக்கும் உரிய இடங்கள் இங்கேயே இருக்கின்றன. அவற்றை அறிந்த இளைஞர்கள், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதில் அந்தப் பருவத்தின் சூடு ஆறாமல் இருக்கும்போதே எழுதத் தொடங்க வேண்டும். அவர்களுடைய முதல் கைப்பிரதியை, இது சிறுவர் நூலா பெரியவர் நூலா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கைப்பிரதியை அச்சுக்கு அனுப்பும் முன், அந்த வயதுப் பிள்ளைகள் சிலரிடம், பெற்றோரின் ஒப்புதலோடு, வாசிக்கக் கொடுங்கள் என்பது என் கடைசிக் கோரிக்கை. பெரியவர்களின் கவனத்துக்குத் தப்பிய போலித்தனத்தை அவர்கள் முதல் பத்துப் பக்கத்திலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள். எங்கள் பள்ளியைப் போன்ற அரசுப் பள்ளிகளில் இதற்கு ஒத்துழைக்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர் உண்டு, கேட்டால் வருவோம். சனவரிப் புத்தகக் காட்சிக்கு மாணவர்களை அழைத்துவரும்போது உங்கள் அரங்குகளில் இந்தப் பிரிவைக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் கேட்கும்போது எடுத்துக் கொடுக்க உங்களிடம் இரண்டு மூன்று நூல்களாவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியை ஒருவர்